"பி பிளஸ்": வால்வு ஆம்ப்ளிபயருக்கு மின்சாரம் வந்த கதை

பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றின் சர்க்யூட் படத்தை எடுத்துப் பாருங்கள். மேலே நீளமாக ஓடும் ஒரு கோட்டின் ஓரத்தில் "பி+" என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே 250 வோல்ட், 300 வோல்ட், சில படங்களில் 450 வோல்ட் என்றும் குறித்திருக்கும். இந்த "பி" என்ன? பிளேட் என்ற சொல்லின் முதல் எழுத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது இல்லை. "பி பேட்டரி" என்பதன் மிச்சம் அது! பேட்டரி காணாமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, பெயர் மட்டும் சர்க்யூட் படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வால்வைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வால்வைப் பற்றியே எழுதுகிறார்கள். அதற்குச் சோறு போடும் பவர் சப்ளையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வால்வு ரேடியோ நடுத்தர வீடுகளின் கூடத்துக்குள் வந்ததற்கு வால்வைக் கண்டுபிடித்தது மட்டும் காரணமில்லை. அதை வீட்டு மின்சாரத்தில் ஓட வைத்ததும் அதே அளவு பெரிய காரணம். அந்தக் கதைதான் இது.

1904-ல் இங்கிலாந்தில் ஜான் அம்புரோஸ் ஃப்ளெமிங் இரண்டு மின்முனைகள் கொண்ட வால்வைச் செய்தார். 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதே வழியில் "ஆடியான்" என்ற குழாயைக் கொண்டு வந்தார். சிறிது காலத்திலேயே நடுவில் ஒரு கம்பி வலையைச் (கிரிட்) சேர்த்தார். அந்த வலையில் ஒரு சின்ன சைகையைக் கொடுத்தால் பிளேட்டில் பெரிய சைகை கிடைக்கும். ஆம்ப்ளிபயர் பிறந்தது அங்கேதான்.

ஆனால் இந்தக் குழாய் சும்மா வேலை செய்யாது. உள்ளே இருக்கும் இழை சூடாக வேண்டும், அப்போதுதான் எலக்ட்ரான்கள் வெளியே வரும். அதற்கு ஒரு பேட்டரி, பெயர் "ஏ". வந்த எலக்ட்ரான்களைப் பிளேட் இழுத்துக்கொள்ள வேண்டும் என்றால் பிளேட்டில் அதிக மின்னழுத்தம் வேண்டும். அதற்கு இன்னொரு பேட்டரி, பெயர் "பி". கிரிட்டைச் சற்று எதிர்மறையாக வைத்திருக்க மூன்றாவதாக "சி". இங்கிலாந்தில் இவற்றையே எல்.டி., எச்.டி., கிரிட் பயாஸ் என்று சொன்னார்கள். பெயர்தான் வேறு, தொல்லை ஒன்றுதான்.

எவ்வளவு தொல்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 1920-களின் நடுவில் அமெரிக்காவில் அதிகம் விற்ற வால்வு 201-ஏ. அதன் இழைக்கு 5 வோல்ட், கால் ஆம்பியர் தேவை. ஒரு செட்டில் ஐந்து வால்வுகள் இருந்தால் 1.25 ஆம்பியர். கார் பேட்டரி போன்ற 6 வோல்ட் அமில பேட்டரி, 80 ஆம்பியர்-மணி கொள்ளளவு என்று வைத்துக்கொண்டால் 64 மணி நேரம் ஓடும். தினமும் மூன்று நான்கு மணி நேரம் பாட்டுக் கேட்கும் வீட்டில் மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் செய்யும் கடைக்குப் போக வேண்டும். கந்தக அமிலம் சிந்தினால் தரைவிரிப்பு ஓட்டையாகும்.

"பி" பேட்டரி இன்னும் மோசம். 45 வோல்ட் பெட்டி ஒன்றில் 1.5 வோல்ட் உலர் மின்கலங்கள் 30 இருக்கும். 90 வோல்ட் வேண்டுமானால் இரண்டு பெட்டி, 135 வோல்ட்டுக்கு மூன்று. இவற்றை மறுபடி சார்ஜ் செய்ய முடியாது. தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதுதான். ரேடியோ ஒரு முறை வாங்கும் பொருளாக இல்லை, மாதா மாதம் செலவு வைக்கும் பொருளாக இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரேடியோ வாங்கிய பல வீடுகளில் ஏற்கெனவே மின்சாரம் இருந்தது. மேலே பல்பு எரிந்துகொண்டிருக்கும், அதன் கீழேயே பேட்டரி தீர்ந்து ரேடியோ ஊமையாகக் கிடக்கும்! பல்புக்கு வந்த மின்சாரம் ரேடியோவுக்கு ஏன் ஆகவில்லை?

காரணம் இரண்டு. பிளேட்டுக்குத் தேவை நேர்மின்சாரம் (டி.சி.). பெரும்பாலான ஊர்களில் சுவரில் வந்ததோ மாறுமின்சாரம் (ஏ.சி.). அதை ஒருபக்கமாகத் திருப்பினாலும் அது பேட்டரியைப் போலச் சமமாக இருக்காது, அலை அலையாக வரும். அந்த அலை ஸ்பீக்கரில் "உம்ம்ம்" என்று கேட்கும். இரண்டாவது காரணம் இழை. இழையையே நேராக ஏ.சி.யில் சூடாக்கினால், எலக்ட்ரானை வெளியே விடும் பரப்பே மின்சாரத்தோடு சேர்ந்து ஆடும். அதுவும் இரைச்சல்தான். ஆக, "ஏ" பேட்டரியை ஒழிப்பதும் "பி" பேட்டரியை ஒழிப்பதும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

1925-ல் இரண்டு இடங்களில் இதற்கு விடை கிடைத்தது. கனடாவின் டொராண்டோவில் எட்வர்ட் ரோஜர்ஸ் என்ற 25 வயது இளைஞர், அமெரிக்கரான ஃபிரெடரிக் மெக்கல்லோவிடம் ஏ.சி.யில் இயங்கும் வால்வின் உரிமையை வாங்கி, அதை மேம்படுத்தினார். அந்த வருடம் டொராண்டோ கண்காட்சியில் பேட்டரி இல்லாத ரேடியோவைக் காட்டினார். 1927-ல் அவர் தொடங்கிய வானொலி நிலையத்தின் பெயர் சி.எஃப்.ஆர்.பி. கடைசி எழுத்தான "பி" எதைக் குறிக்கிறது தெரியுமா? பேட்டரிலெஸ்! பேட்டரி இல்லை என்பதை ஒரு வானொலி நிலையத்தின் பெயரிலேயே வைக்கும் அளவுக்கு அது அன்று பெரிய செய்தி. ரோஜர்ஸ் 1939-ல், 40 வயதுகூட ஆகாமல் இறந்துபோனார்.

இன்னொரு இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ். அங்கே கேம்பிரிட்ஜ் நகரில் வன்னேவர் புஷ், லாரன்ஸ் மார்ஷல், சார்லஸ் ஸ்மித் மூவரும் 1922-ல் ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். முதலில் அவர்கள் செய்ய நினைத்தது குளிர்பதனப் பெட்டி. அது தேறவில்லை. ஸ்மித்தின் கையில் இருந்த இன்னொரு சரக்கு ஹீலியம் வாயு நிரப்பிய ஒரு ரெக்டிபயர் குழாய். அதில் சூடாக்க வேண்டிய இழையே கிடையாது, அதனால் எரிந்துபோக ஒன்றுமில்லை. 1925-ல் அதை விற்கத் தொடங்கினார்கள், கம்பெனியின் பெயரையும் ரேதியான் என்று மாற்றினார்கள். இன்று ஏவுகணைகளோடு சேர்த்துப் பேசப்படும் அந்தப் பெயர், முதலில் "பி" பேட்டரியை ஒழித்ததால் காசு பார்த்த பெயர்.

அந்தக் குழாயை ஒரு டிரான்ஸ்பார்மர், சோக் சுருள்கள், சில கண்டென்சர்களோடு ஒரு தகரப் பெட்டியில் போட்டு, "பி எலிமினேட்டர்" என்று விற்றார்கள். பழைய ரேடியோவில் எதையும் மாற்ற வேண்டாம். "பி" பேட்டரியின் கம்பிகளைக் கழற்றி இந்தப் பெட்டியில் மாட்டினால் போதும். வால்வுக் கருவிகளுக்கென்று தனியாக நிற்கும் பவர் சப்ளை என்பது சாதாரண வீடுகளுக்குள் இப்படித்தான் நுழைந்தது. நம் ஊர்ப் பள்ளி, கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வகத்தில் 2 வோல்ட், 4 வோல்ட், 6 வோல்ட் என்று திருகும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும் அல்லவா, அதற்கும் "பேட்டரி எலிமினேட்டர்" என்றே பெயர். அது இந்தப் பரம்பரையில் வந்த பெயர்தான்.

தனிப் பெட்டியின் காலம் அதிகம் நீடிக்கவில்லை. 1927-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. 227 என்ற வால்வை வெளியிட்டது. அதில் ஏ.சி. சூடாக்குவது ஒரு ஹீட்டரை. அதைச் சுற்றி, மின்சாரத் தொடர்பு இல்லாமல் இருக்கும் குழாய் போன்ற கேத்தோடுதான் எலக்ட்ரானை விடும். கேத்தோடு கனமானது, ஏ.சி.யின் ஆட்டத்துக்கு ஏற்ப அதன் சூடு மாறாது. "ஏ" பேட்டரியின் கதை அதோடு முடிந்தது. அதே வருடம் 280 என்ற இரட்டை டையோடு ரெக்டிபயரும் வந்தது. பிற்காலத்தில் வெறும் "80" என்று அழைக்கப்பட்ட அந்தக் குழாய், அடுத்த இருபது வருடத்துக்கு எண்ணற்ற ரேடியோக்களில் உட்கார்ந்திருந்தது. பவர் சப்ளை ரேடியோவின் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது.

உள்ளே போன பிறகு சிக்கனமும் வந்தது. 1930-களின் ஸ்பீக்கர்களில் நிலைக்காந்தம் இல்லை, மின்காந்தச் சுருள்தான். அந்தச் சுருளையே பவர் சப்ளையின் சோக்காகவும் பயன்படுத்தினார்கள். ஒரு சுருள், இரண்டு வேலை! கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான். ஆனால் சிக்கனம் வேறு பக்கமும் போனது. டிரான்ஸ்பார்மரே வேண்டாம் என்று, வால்வுகளின் ஹீட்டர்களை வரிசையாகக் கோத்து நேராக மெயின்ஸில் மாட்டினார்கள். 12 வோல்ட் வால்வு மூன்று, 35 வோல்ட் ஒன்று, 50 வோல்ட் ஒன்று, கூட்டினால் கிட்டத்தட்ட அமெரிக்க மெயின்ஸின் 120 வோல்ட். டி.சி. மெயின்ஸ் இருந்த பகுதிகளிலும் இது ஓடியது என்பது உண்மையான வசதி. விலையும் குறைந்தது. ஆனால் பல செட்டுகளில் உள்ளே இருந்த உலோகச் சட்டம் மெயின்ஸின் ஒரு கம்பியோடு நேரடியாகச் சேர்ந்திருந்தது. பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டத்தில் முழு மின்சாரம். குமிழ் கழன்று போன ரேடியோவைத் தொட்டவருக்கு அடி நிச்சயம். இன்றைக்கு ஒரு பழைய வால்வு ரேடியோவைத் திறக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அதில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா என்பதைத்தான்.

சரி, அந்த "உம்ம்ம்" எப்படி அடங்கியது? அங்கேதான் பவர் சப்ளை வடிவமைப்பின் உயிர் இருக்கிறது.

50 ஹெர்ட்ஸ் மெயின்ஸை முழு அலையாகத் திருப்பினால் நொடிக்கு 100 துடிப்பு வரும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் 0.01 நொடி. அந்த இடைவெளியில் ஆம்ப்ளிபயருக்கு மின்சாரம் கொடுப்பது கண்டென்சர். ஆம்ப்ளிபயர் 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, கண்டென்சர் 8 மைக்ரோபாரட் என்றால், இடைவெளிக்குள் மின்னழுத்தம் சுமார் 125 வோல்ட் சரியும் என்று கணக்கு சொல்கிறது (உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும்). இதை யாரும் காது கொடுத்துக் கேட்க முடியாது. அடுத்து 10 ஹென்றி சோக் ஒன்றும் இன்னொரு 8 மைக்ரோபாரட் கண்டென்சரும் போட்டால், 100 ஹெர்ட்ஸில் சோக்கின் தடை சுமார் 6,280 ஓம், கண்டென்சரின் தடை சுமார் 200 ஓம். அலை முப்பதில் ஒரு பங்காகி 4 வோல்ட்டுக்கு வரும். இன்னொரு முறை அதையே செய்தால் 0.13 வோல்ட். அந்தக் கால பவர் சப்ளைகள் ஏன் அவ்வளவு கனம் என்பது இதில் தெரியும். கண்டென்சர் சின்னது, அதனால் இரும்புச் சோக் பெரியது.

1920-களின் இறுதியில் வந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் இந்த நிலையை மாற்றின. ரால்ஃப் மெர்ஷானின் பெயரில் வந்தவற்றில் உள்ளே திரவமே இருந்தது, சாய்த்து வைக்க முடியாது. பிறகு உலர் வகை வந்தது. இன்று 100 மைக்ரோபாரட், 450 வோல்ட் கண்டென்சர் கட்டைவிரல் அளவில் கிடைக்கிறது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ரெக்டிபயர் வால்வுக்குப் பின்னால் உடனே பெரிய கண்டென்சரைப் போடக்கூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் அது இழுக்கும் பெரிய மின்னோட்டத்தை வால்வின் கேத்தோடு தாங்காது. ஜி.இசட்.34 வால்வின் தகவல் தாளே முதல் கண்டென்சருக்கு 60 மைக்ரோபாரட் எல்லை என்கிறது. அதனால் முதலில் 47, பிறகு 10 ஹென்றி சோக், அதன்பின் 100 என்று போட்டால், மேலே சொன்ன அதே கணக்கில் மிச்சம் 0.05 வோல்ட் அளவுதான். பெரிய கண்டென்சர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து ரெக்டிபயரைப் பலி கொடுத்தவர்கள் நிறைய.

வயிற்றுக்குள் போன பவர் சப்ளை திரும்ப வெளியே வந்தது, ஹை-ஃபை காலத்தில். 1947 ஏப்ரல், மே மாத 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழ்களில் டி.டி.என். வில்லியம்சன் என்ற பொறியாளர் 15 வாட் ஆம்ப்ளிபயர் ஒன்றின் வடிவமைப்பை வெளியிட்டார். கே.டி.66 வால்வுகள், 450 வோல்ட் "பி+", 0.1 சதவீதத்துக்கும் குறைவான திரிபு. வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்பதால் உலகம் முழுக்க அதைக் கட்டினார்கள். எல்லோரும் புகழ்ந்தது அதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மரை. பவர் சப்ளையிலும் அவர் அதே கவனம் காட்டினார் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. வெளியீட்டு வால்வுகளுக்கு 10 ஹென்றி சோக், முன் நிலைகளுக்குத் தனியாக 30 ஹென்றி சோக். ரெக்டிபயரும் மெதுவாகச் சூடேறும் வகை. சட்டென்று சூடேறும் ரெக்டிபயர் போட்டால், மற்ற வால்வுகள் விழித்து மின்சாரத்தை இழுப்பதற்கு முன்பே "பி+" எகிறி, கண்டென்சர்களின் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும்.

இதைப் பின்பற்றி அமெரிக்காவின் ஹீத்கிட் கம்பெனி விற்ற டபிள்யூ-2, டபிள்யூ-3 மாடல்களில் ஆம்ப்ளிபயர் ஒரு சட்டத்திலும் பவர் சப்ளை இன்னொரு சட்டத்திலும் இருந்தன. நடுவில் ஒரு கேபிள். ஏன் பிரித்தார்கள்? கனத்தைப் பகிர்வது ஒரு வசதி. இன்னொன்று மின் டிரான்ஸ்பார்மரைச் சுற்றிப் பரவும் காந்தப்புலம். அது எந்தக் கண்டென்சராலும் வடியாது. தூரம் ஒன்றே மருந்து. கிராமபோன் முள்ளிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சைகைக்குப் பக்கத்தில் அந்த இரும்பை வைத்தால், எவ்வளவு நல்ல சோக் போட்டும் பயனில்லை.

இடமே இல்லாததால் பிரிந்த கருவியும் உண்டு. ஜெர்மனியில் நியூமன் கம்பெனி 1949-ல் வெளியிட்ட யு-47 மைக்ரோபோனின் உடலுக்குள் ஒரு வால்வு இருந்தது. டிரான்ஸ்பார்மரை மைக்குக்குள் வைக்க முடியுமா? அதனால் 105 வோல்ட் தரும் தனிப் பெட்டி ஒன்று தரையில் உட்கார்ந்துகொண்டது. ஹீட்டருக்கும் பிளேட்டுக்கும் அந்த ஒரே கம்பியிலிருந்துதான் மின்சாரம்.

சோதனை மேசைக்கு வந்தால், தேவை வேறு மாதிரி. புதிதாகச் சர்க்யூட் கட்டுகிறவருக்கு இன்று 250 வோல்ட் வேண்டும், நாளை 180 வேண்டும். ஒவ்வொரு முறையும் புது பவர் சப்ளை கட்டுவது பைத்தியக்காரத்தனம். 1939-ல் ஹன்ட், ஹிக்மன் இருவரும் வால்வுகளைக் கொண்டே மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் முறைகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். வெளியே போகும் மின்னழுத்தத்தை ஒரு வால்வு கவனிக்கும், அது குறைந்தால் பாதையில் இருக்கும் இன்னொரு வால்வைத் திறந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, வாயு நிரப்பி ஊதா நிறத்தில் ஒளிரும் ஒரு குழாய். அந்த வழியில் வந்த ஹீத்கிட் மேசைப் பெட்டிகள் 0 முதல் 400 வோல்ட் வரை திருகக்கூடிய "பி+", ஹீட்டருக்கு 6.3 வோல்ட், கிரிட்டுக்கு எதிர்மறை மின்னழுத்தம் மூன்றையும் கொடுத்தன. கவனித்துப் பார்த்தால் அது பழைய ஏ, பி, சி மூன்றும்தான்!

சிலிக்கான் டையோடு வந்ததும் ரெக்டிபயர் வால்வுக்கு வேலை போனது. ஒரு சில வோல்ட்கூட வீணாகாத, சூடே ஆகாத சின்னப் பொருள். ஆனால் அது ஸ்விட்ச் போட்ட நொடியிலேயே முழு "பி+"-ஐயும் கொடுத்துவிடும், வில்லியம்சன் தவிர்க்க நினைத்த அதே ஆபத்து. கிதார்காரர்களுக்கு வேறு ஒரு குறை. ரெக்டிபயர் வால்வில் ஓங்கி வாசிக்கும்போது மின்னழுத்தம் கொஞ்சம் அமுங்கி மீளும், ஒலி மிருதுவாகும். பொறியாளர்கள் குறை என்று ஒதுக்கியதை அவர்கள் காசு கொடுத்துத் தேடினார்கள். 1990-களில் மேசா பூகி கம்பெனி வால்வு, சிலிக்கான் இரண்டையும் வைத்து, எது வேண்டுமோ அதற்கு மாற்றிக்கொள்ளும் "டூயல் ரெக்டிபயர்" ஆம்ப்ளிபயரையே விற்றது.

இன்று வால்வு ஆம்ப்ளிபயர் கட்டும் ஆர்வலர்கள் பலர் பவர் சப்ளையைத் தனிப் பெட்டியாகவே செய்கிறார்கள். ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த பல சர்க்யூட்டுகளுக்கும் உதவும். ஆனால் பெட்டி பிரிந்தால் கேபிளும் வரும், கேபிளோடு ஆபத்தும் வரும். 450 வோல்ட்டில் 100 மைக்ரோபாரட் கண்டென்சர் வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 10 ஜூல். ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும், தொட்டால் உயிரே போகலாம். அதனால் கண்டென்சருக்குக் குறுக்கே 1 லட்சம் ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போடுகிறார்கள். அது எப்போதும் 2 வாட் வீணாக்கும், ஆனால் அணைத்த அரை நிமிடத்தில் 450 வோல்ட்டை 25 வோல்ட்டுக்குள் கொண்டு வந்துவிடும். அந்த ரெசிஸ்டரே கருகி அறுந்துபோயிருக்கலாம் என்பதால், அதன் பின்னும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கேபிளின் முனையில் ஊசி உள்ள பிளக் ஆம்ப்ளிபயர் பக்கம்தான் இருக்க வேண்டும், பவர் சப்ளை பக்கம் துளை உள்ள சாக்கெட். மாற்றிப் போட்டால், கழன்ற கேபிளின் நுனியில் "பி+" வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.